டெல்லியில் எங்கே தங்கலாம்

நான் படித்த பெண்கள் பள்ளியின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். அம்பாசமுத்திரத்தை விட்டுப் போன பழைய மாணவிகள் ஆளுக்கு ஒரு நகரத்தைப் பற்றி எழுதவேண்டுமாம். சிங்கப்பூர் ஒருத்திக்கு, துபாய் ஒருத்திக்கு, எனக்கு டெல்லி. கேள்விகளையும் அவர்களே அனுப்பிவிட்டார்கள். எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே சாமான் வாங்கலாம், எதைப் பார்க்கலாம். மலர்க் குழுவில் இருக்கும் ஆசிரியை, "நம்ம பிள்ளைக டெல்லிக்கு டூர் வரும்போது பிரயோசனமா இருக்கும்லா மேடம், கொஞ்சம் கலகலப்பா எழுதுங்க" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தார்.

எழுதுகிறேன். கலகலப்புக்கு நான் பொறுப்பில்லை.

டெல்லிக்கு வந்து முப்பத்தேழு வருடம் ஆகிறது. மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றேன். அடுத்தவர் அனுப்பும் கோப்பில் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் என் தொழில். அதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். கணவர் நான்கு வருடத்துக்கு முன்னால் போய்விட்டார். மயூர் விஹாரில் மூன்றாவது மாடியில், இரண்டு படுக்கையறை வீட்டில் தனியாக இருக்கிறேன். மகன் குர்காவில். அவன் மனைவி பஞ்சாபிப் பெண், நல்ல பெண். பேரன் என்னை "தாதி" என்று கூப்பிடுகிறான். இந்தியில் அதற்கு அப்பாவின் அம்மா என்று அர்த்தம். தமிழில் வேலைக்காரி. இதை என் மகனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு அந்தத் தமிழ்ச் சொல் தெரியாது.

1. தங்குவது

கரோல் பாகிலும் பகாட்கஞ்சிலும் லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றின் பெயரிலும் "பேலஸ்" அல்லது "இன்டர்நேஷனல்" இருக்கும். ஜன்னலைத் திறந்தால் அடுத்த பேலஸின் ஜன்னல் தெரியும். அதில் ஒரு ஆள் பல் விளக்கிக்கொண்டிருப்பான். வெந்நீர் இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு என்பார்கள். எந்த இருபத்து நான்கு மணி நேரம் என்று சொல்லமாட்டார்கள்.

இதைவிட நல்ல இடம் சொந்தக்காரர் வீடு. நம் ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொங்கல் விடுமுறைக்கு என் தம்பி முருகேசன் குடும்பத்தோடு வந்தான். அவன் மனைவி கலா, கல்லூரியில் படிக்கும் மகள் நிவேதா. ஜனவரி மாதத்து டெல்லிக்கு வந்து இறங்கியவர்கள், குளிருகிறது என்று என்னைக் குறை சொன்னார்கள். நான் ஏதோ ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டதைப் போல. நிவேதாவின் போனில் ஒரு பட்டியல் இருந்தது. யாரோ ஒருவன் டெல்லியை மூன்று நாளில் "முடித்து"க் காட்டியிருக்கிறான். அவன் நின்ற இடத்தில் நின்று, தின்றதைத் தின்று, அதே கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதுதான் திட்டம். ஒரு நகரத்தை முடிப்பது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கிழம் என்பாள்.

மகன் இருந்த அறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தேன். அந்த அறை ஆறு வருடமாகக் காலியாகத்தான் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த அறையைத் துடைத்து, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையை வெயிலில் போட்டு, உறை மாற்றிக் கொடுத்தவள் பழனியம்மாள். அன்றைக்கு அவளுக்குத் தங்க இடம் கிடையாது.

பழனியம்மாளுக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். கல்யாணமான புதிதில் டெல்லிக்கு வந்தவள். ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் கரையில் மதராசி கேம்ப் என்று ஒரு குடிசைப் பகுதி இருந்தது. சுற்றுவட்டாரத்துப் பங்களாக்களில் பாத்திரம் தேய்த்தவர்கள், சாக்கடை அள்ளியவர்கள், எல்லாரும் நம் ஜனங்கள். நான் லோதி காலனி குவார்ட்டர்ஸில் இருந்தபோது என்னிடம் வேலைக்குச் சேர்ந்தாள். நான் ஆற்றைத் தாண்டி மயூர் விஹாருக்கு வந்த பிறகும் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தாள். மொத்தம் இருபத்திரண்டு வருடம்.

போன வருடம் கோடையில் கேம்ப்பை இடித்துவிட்டார்கள். வாய்க்காலைத் தூர் வாரவேண்டுமாம். காகிதம் சரியாக இருந்தவர்களுக்கு நரேலாவில் ஃபிளாட் கொடுத்தார்கள். டெல்லி முடிந்து ஹரியானா தொடங்குகிற மூலை அது. பழனியம்மாளுக்குக் கொடுக்கவில்லை. பெயர் பொருந்தவில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அவளும் புருஷனும் ஆசிரமம் என்று பெயருள்ள ஏரியாவில், அவள் தங்கை குடும்பம் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில் ஒண்டிக்கொண்டார்கள். ஆறு பேர், ஒரு அறை. புருஷனுக்கு மூச்சு இழுப்பு வேறு.

என் காலி அறை அப்போதும் காலியாகத்தான் இருந்தது. அடுக்குமாடி சொசைட்டியில் கேள்வி கேட்பார்கள், போலீஸ் வெரிஃபிகேஷன் வேண்டும், மகன் திடீரென்று வந்தால் என்ன செய்வது என்று ஒரு கோப்பு அளவுக்குக் காரணங்கள் வைத்திருந்தேன். அவள் கேட்கவும் இல்லை. கேட்காதவளுக்கு மறுப்பு எழுத வேண்டிய வேலை மிச்சம் என்று இருந்துவிட்டேன்.

2. காகிதம்

மலர்க் குழு இந்தத் தலைப்பைத் தரவில்லை. ஆனால் டெல்லியில் தங்குவதைப் பற்றி எழுதுகிறவள் காகிதத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. இங்கே மனிதர்கள் வீட்டில் குடியிருப்பதில்லை, காகிதத்தில் குடியிருக்கிறார்கள்.

வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் "பலானி அம்மா". ரேஷன் அட்டையில் "பஜனியம்மால்". தமிழ் பழனியை ஆங்கிலத்தில் இசட் எச் போட்டு எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து இந்தியில் எழுதியவன் இசட்டை "ஜ" ஆக்கிவிட்டான். அலுவலகக் கணக்கில் பலானி ஒருத்தி, பஜனி வேறொருத்தி. இரண்டு பேரும் ஒரே குடிசையில், ஒரே புருஷனோடு, ஒரே பிறந்த வருடத்தோடு இருக்கிறார்களே என்ற சந்தேகம் யாருக்கும் வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் வந்திருக்காது. அதற்குத்தான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள்.

மேல்முறையீடு நான்தான் எழுதினேன். இரண்டு பக்கம், எண்ணிட்ட பத்திகள், அழகான அலுவலக ஆங்கிலம். ஆறாவது பத்தியில் உச்சரிப்பு வேறுபாடு குறித்து ஒரு நேர்த்தியான வாக்கியம். படித்துப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. விசாரணைக்கு நாள் குறித்து அவளுடைய போனுக்குச் செய்தி வந்தது. செய்தியை என்னிடம் காட்டினாள்.

"நானும் வாரேன். நான் பேசிக்கிடுதேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம்" என்றேன்.

"நீங்க வந்தா போதும்மா. ஆபீசர் சாப் முன்னால நின்னா எனக்கு வாய் கட்டிக்கும்" என்றாள்.

அந்த நாள், தம்பி ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாளாக அமைந்தது.

3. சாப்பிடுவது, வாங்குவது

சாந்தினி சௌக்கில் பராட்டா தின்னாமல் டெல்லியை விட்டுப் போகக்கூடாது என்று சட்டம் இருப்பதைப் போல எல்லாரும் நடந்துகொள்கிறார்கள். நெய்யில் பொரித்த மைதா. பக்கத்தில் பூசணிக்காயை வெல்லம் போட்டுக் குழைத்து வைப்பார்கள். அந்தச் சந்தில் ஒரு மணி நேரம் நின்று, முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பரிமாறுகிறவன் தம்பியின் தட்டில் பூசணிக்காயை ஊற்றிக்கொண்டே, "பஸ்?" என்றான். போதுமா என்று கேட்கிறான்.

"இல்ல பையா, மெட்ரோல வந்தோம்" என்றான் முருகேசன்.

பரிமாறுகிறவன் மேலும் ஒரு கரண்டி ஊற்றினான். நிவேதா அதை வீடியோ எடுத்தாள். நானும் சிரித்தேன். வந்த புதிதில், கணவருக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்கப்போய், "என் கணவர் படுத்திருக்கிறாள்" என்று இந்தியில் சொன்னவள்தான் நான். அந்த செக்‌ஷனே ஒரு வாரம் சிரித்தது. முப்பத்தேழு வருடத்தில் நான் கற்ற ஒரே கலை, சிரிக்கப்படும் பக்கத்திலிருந்து சிரிக்கிற பக்கத்துக்கு நகர்ந்து உட்கார்வது.

கன்னாட் பிளேஸில் தென்னிந்தியச் சாப்பாடு கிடைக்கும். சாம்பாரில் சர்க்கரை போட்டிருப்பார்கள். தோசையை ஒரு முழம் நீளத்துக்குச் சுட்டு, அதைத் தூக்கி வருகிறவனுக்குத் தலைப்பாகை கட்டி விட்டிருப்பார்கள். டெல்லித் தமிழர்கள் அங்கே போய் வரிசையில் நின்று, "நம்ம ஊர் டேஸ்ட்" என்று சாட்சி சொல்வார்கள். வீட்டில் சப்பாத்திக்குக் குழம்பு ஊற்றித் தின்கிற கூட்டம். நானும் அதில் ஒருத்தி.

விசாரணை நாள் காலையில் நான் புடவை கட்டிக்கொண்டு கிளம்பியபோது முருகேசன் டீக் கோப்பையோடு ஹாலில் உட்கார்ந்திருந்தான்.

"எங்கக்கா போற? இன்னைக்கு மார்க்கெட்டுன்னு சொன்னல்லா."

"பழனியம்மா கேஸ் இன்னைக்கு. மத்தியானம் வந்துருவேன். நீங்க மெட்ரோ ஏறிப் போங்க. நேரா ஐ.என்.ஏ.லதான் நிக்கும்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "ஒங்க வீட்டுக்கு வந்தது எத்தன வருசத்துக்கு அப்புறம்? அத்தான் செத்ததுக்கு வந்தது. அதுக்கப்புறம் இப்பத்தான். வேலைக்காரிக்கு ஒரு நாளு ஒதுக்குத. எங்களுக்கு வழி சொல்லி அனுப்புத."

"அப்பிடி இல்லல முருகேசா."

"வேற எப்பிடி?"

கலா உள்ளேயிருந்து வந்து, "அவிய போயிட்டு வரட்டும். மதினிக்கு ஆயிரம் சோலி இருக்கும்" என்றாள். சமாதானம் செய்கிற குரலில் சொன்னதால் அது இன்னும் நன்றாகக் குத்தியது. நிவேதா போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அத்தை இல்லாம அந்த மார்க்கெட்ல யாரு பேசுறது? எங்களுக்கு இந்தி வராதுல்லா" என்றாள்.

பழனியம்மாளுக்கு இந்தி வரும். என்னைவிட நன்றாக வரும். கடிதத்தில் எல்லாம் எழுதியிருக்கிறேன். போய்க் கொடுத்தால் போதும். இப்படி எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதி, நானே ஒப்புதல் கொடுத்தேன். பழனியம்மாளுக்குப் போன் செய்தேன்.

"எனக்கு வர முடியல. அந்த லெட்டர அப்பிடியே சாப் கையில குடு. எல்லாம் அதுல இருக்கு."

"அச்சா, சரிம்மா. விருந்தாளி இருக்காங்கல்ல, நீங்க பாருங்க" என்றாள்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் எல்லாம் கிடைக்கும். மலருக்கு இதைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். சின்ன வெங்காயம், முருங்கைக்காய், வாழை இலை, நேந்திரங்காய், புளியங்கொட்டை எடுத்த புளி. கடைக்காரர்கள் தமிழ் பேசுவார்கள். தமிழ் பேசுகிறோம் என்பதற்கும் சேர்த்து விலை வைப்பார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து ரயிலேறி வந்த கலா அங்கே அரைக்கிலோ சின்ன வெங்காயத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, "மதினி, நம்மூர் உள்ளி மாரியே இருக்கு" என்று அதிசயப்பட்டாள். அங்கிருந்து சரோஜினி நகர். நிவேதா மூன்று மணி நேரம் துணிக் குவியலுக்குள் தலையை விட்டாள். எனக்கு எல்லாக் கடையிலும் பேரம் பேசுகிற உத்தியோகம். எனக்கு அது நன்றாக வருகிறது என்று தம்பி மெச்சினான். நான் போனை இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். பழனியம்மாள் கூப்பிடவில்லை. நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று மூன்றாவது முறை பார்க்கவில்லை.

4. விசாரணை

தம்பி குடும்பத்தை ரயில் ஏற்றிவிட்டு வந்த மறுநாள் பழனியம்மாள் வேலைக்கு வந்தாள். நேராகப் போய் அந்த அறையின் படுக்கை உறைகளை உருவி எடுத்தாள். நான் வாசலில் நின்று கேட்டேன்.

"என்ன சொன்னாங்க?"

"இல்லன்னுட்டாங்கம்மா."

"லெட்டரக் குடுத்தியா?"

"குடுத்தேன். வாங்கி ஃபைல்ல வெச்சாரு. படிக்கல. அப்புறம் கேட்டாரு, பஜனி உனக்கு யாருன்னு."

"நீ என்ன சொன்ன?"

"அப்படி யாரும் கிடையாதுன்னேன். பஜனின்னு ஒருத்திய நான் பாத்ததே இல்ல சாப், நான் பழனி, என் ரேஷன் கார்டுல எவளோ பூந்துக்கிட்டான்னு சொன்னேன். வாய் கட்டிக்கும்னு பயந்தேன்ல, அன்னிக்கின்னு பாத்து நல்லாப் பேசினேம்மா. எம் பேர்ல எவளோ ஃபிளாட்டு வாங்கப் பாக்குறான்னு கோவம் வந்துருச்சி. அவரு எழுதிக்கிட்டாரு. படிச்சிக் காட்டிட்டு கையெழுத்துப் போடச் சொன்னாரு. போட்டேன்."

மனுதாரரே, தான் பஜனியம்மால் இல்லை என்று கூறிவிட்டார். மனு தள்ளுபடி. காகிதத்தை வாங்கிப் படித்தேன். கீழே அவள் கையெழுத்து, தமிழில், ழகரத்தின் கால் ஒழுங்காக வளைந்து.

"பஜனிங்கறது நீதான்" என்றேன்.

"நானா?"

"ஒம் பேரத்தான் அப்பிடி எழுதி வச்சிருக்கான்."

அவள் உறையை மடித்துக் கட்டிலில் வைத்தாள். "இத முன்னாலயே சொல்லியிருந்தா நான் ஆமான்னு சொல்லியிருப்பேனேம்மா" என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை. ஒரு சின்ன விஷயம் விடுபட்டுப்போனதைச் சொல்வதைப் போலத்தான் சொன்னாள்.

ஏன் சொல்லவில்லை? அவளுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்தேன். ஆறாவது பத்தியில் எழுதிவிட்டேனே என்று நினைத்தேன். இந்த இரண்டும் உண்மை. மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதை அவளிடம் அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

அந்த ரேஷன் அட்டை விண்ணப்பத்தை நிரப்பியதே நான்தான். பல வருடத்துக்கு முன்னால், லோதி காலனி வீட்டில், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து. அவள் கொண்டுவந்த வாக்காளர் அட்டையில் எல் போட்டு பலானி என்றிருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. "பழனிக்கு எல் போடுவானா முட்டாப் பய? நம்ம ழ இவனுகளுக்கு வராது. நாமளாவது சரியா எழுதணும்" என்று இசட் எச் போட்டேன். தமிழுக்கு நான் செய்த தொண்டு அது. மேல்முறையீட்டில் அதை "எழுத்தரின் பிழை" என்று எழுதியிருந்தேன். எந்த எழுத்தர் என்று எழுதவில்லை.

5. சத்தியப் பத்திரம்

மறுபரிசீலனைக்கு ஒரு மாதம் அவகாசம் உண்டு. எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அதில் ஒரு நாள் முழுக்க அந்த அதிகாரியை மனதுக்குள் திட்டியே கழிந்தது. இரண்டாம் நாள் திட்டுவதற்கு வேறு ஆள் கிடைத்துவிட்டாள். மூன்றாம் நாள் நோட்டரியிடம் போய்ச் சத்தியப் பத்திரம் எழுதினேன். இந்த முறை ஒரே பக்கம். இன்ன அமைச்சகத்தில் இன்ன பதவியில் ஓய்வு பெற்ற நான், இவருடைய விண்ணப்பத்தை என் கையால் நிரப்பினேன், ஏற்கெனவே இருந்த எழுத்தை மாற்றி எழுதினேன், பிழை என்னுடையது, இருவரும் ஒருவரே.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைப் பழனியம்மாளுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள்.

"நீங்களாம்மா எழுதினது?"

"நான்தான்."

"எனக்கு ஞாபகம் இருக்கு. ஏதோ கோவமா எழுதுனீங்க. நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சேன்."

அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நான்கு தடவை போனோம். ஒரு நாள் அதிகாரி லீவு. ஒரு நாள் அவர் மீட்டிங்கில். ஒரு நாள் மதியம் மூன்று மணிக்குச் சாப்பாட்டு நேரம் முடியவில்லை. நீளமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் செக்‌ஷனுக்கு வெளியேயும் இப்படி ஒரு பெஞ்ச் இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர்களின் முகம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

நான்காவது தடவை உள்ளே விட்டார்கள். அதிகாரி என் மகன் வயதுக்காரன். பத்திரத்தைப் படித்துவிட்டு, "இவர் உங்களுக்கு யார்?" என்று இந்தியில் கேட்டான்.

"மேரா காம்வாலி" என்றேன், என் வேலைக்காரி என்று.

"மேரி" என்று பெண்பாலாக்கித் திருத்தினான். பக்கத்தில் நின்ற பியூன் சிரித்தான். பதற்றத்தில் முப்பத்தேழு வருட இந்தி காலை வாரியது.

"இந்த இசட் எச் என்பது என்ன எழுத்து? சொல்லிக் காட்டுங்கள்."

"ழ" என்றேன். அவன் முயன்றான். முதலில் ல வந்தது. பிறகு ர. பிறகு இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. பழனியம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவன் கோபப்படவில்லை. பேனாவை எடுத்தவன், எழுதாமல் என்னைப் பார்த்தான்.

"இதைப் போன தடவையே வந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்குமே மேடம். அன்றைக்கு ஏன் வரவில்லை?"

அவன் குத்திக்காட்டக் கேட்கவில்லை. கோப்பில் எழுத ஒரு காரணம் வேண்டும். அவ்வளவுதான்.

"வீட்டில் விருந்தாளிகள்" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டான்.

6. பார்ப்பது

செங்கோட்டை திங்கட்கிழமை கிடையாது. குதுப் மினாரை வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும், அதற்காகத்தான் அவ்வளவு உயரமாகக் கட்டியிருக்கிறான். இந்தியா கேட்டில் ஐஸ்கிரீம் தின்கிற கூட்டத்துக்கு நடுவில் பெயர் பொறித்த சிப்பாய்கள் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஹௌஸ் காஸில் இடிந்த சுவருக்கு முன்னால் கல்யாணத்துக்கு முந்தின படம் எடுக்க ஜோடிகள் வரிசையில் நிற்கும். இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன். மற்றதற்கு அந்த மூன்று நாள் ஆளின் வீடியோ இருக்கிறது.

ஹோலி முடிந்து பத்து நாளில் பழனியம்மாளுக்கு ஃபிளாட் ஒதுக்கி உத்தரவு வந்தது. நரேலாவில், இரண்டாவது மாடி. அங்கிருந்து என் வீட்டுக்குப் பஸ் மாறி வருவதற்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் வந்து பார்த்தாள். பிறகு, "முடியலம்மா. அங்கயே ஒரு ஃபேக்டரில டப்பா ஒட்டற வேலை சொல்றாங்க" என்றாள். இருபத்திரண்டு வருடத்துக்கு அவ்வளவுதான் முடிவுரை. மகனிடம் போனில் சொன்னபோது, "கோயி பாத் நஹி மா, பரவால்ல, போன் ஆப்ல வேற ஆள் புக் பண்ணிக்கலாம்" என்றான். புக் செய்தேன். இப்போது வருகிற பெண் ஜார்க்கண்ட்காரி. அவள் பெயரை நான் சரியாகச் சொல்கிறேனா என்று தெரியவில்லை.

பால் காய்ச்சியபோது பழனியம்மாள் கூப்பிட்டாள். போகவில்லை. வெயில் என்று காரணம் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை போனேன். மெட்ரோ, அப்புறம் பஸ், அப்புறம் பேட்டரி ரிக்‌ஷா. ரிக்‌ஷாக்காரனிடம் பிளாக் எண்ணைச் சொன்னதும், "மதராசி லோக்?", மதராசி ஜனங்களா, என்று கேட்டுவிட்டுச் சரியாகக் கொண்டுபோய் விட்டான்.

ஒரு அறை, ஒரு சமையலறை, குளியலறை, துணி காயப்போடும் அளவுக்கு ஒரு பால்கனி. புருஷன் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கும்பிட்டார். இழுப்பு குறைந்திருப்பதாகச் சொன்னார். குழாயைத் திறந்து காட்டினாள். சுவிட்சைப் போட்டுக் காட்டினாள். பீரோவிலிருந்து ஒதுக்கீட்டு உத்தரவை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தாள்.

"என்ன பேரு போட்டிருக்காங்கம்மா?"

இந்தியில் அச்சடித்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். பலானி அம்மா உர்ஃப் பஜனியம்மால், அதாவது பலானி அம்மா என்கிற பஜனியம்மால். "ரெண்டு பேரையும் போட்டிருக்கான்" என்றேன்.

"ரெண்டும் இருக்கட்டும். எவ வந்து கேட்டாலும் நான்தான்" என்றாள்.

குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. கருவாடு. என் வீட்டில் அது ஏறியதே இல்லை. நான் சாப்பிட மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கென்று தனியாக வெண்டைக்காய் வதக்கி வைத்திருந்தாள். சன்னல் ஓரத்தில் ஒரு மடக்கு மேஜை, அதற்கு எதிரும் புதிருமாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றை எனக்கு இழுத்துப் போட்டாள். இரண்டு தட்டு வைத்தாள். சோற்றைப் போட்டாள். பிறகு எதிர் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.

நான் அவளைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. என் வீட்டில் அவள் எங்கே வைத்துச் சாப்பிடுவாள் என்றுகூட எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை.

"சாப்பிடுங்கம்மா, ஆறிடும்" என்றாள். தன் தட்டில் குழம்பை ஊற்றிப் பிசைய ஆரம்பித்தாள்.